அண்டப் பேரச்சமும் குழந்தைகளின் சித்திரப் படங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு அலுவலகத்தில் வேகன் எண்களைச் சரிபார்த்துவரும் குமாஸ்தாவாகிய நான் அவ்வறிஞர்கள் நின்ற இடத்தில் நிற்பது பொருந்துமோ என்று ஐயுற்றேன். செயலாளர் விடவில்லை. “எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்” என்றார். நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னபோது அவர் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, “சொன்ன சொல்லை மாற்றக்கூடாது அல்லவா, பேசுங்கள்” என்று சிரித்துவிட்டார். ஆகவே இன்று நான் செய்யும் பிழைகளில் ஒரு பாதி அவரைச் சேரும்.

இப்பொருளை நான் ஏன் எடுத்தேன் என்பதை முதலில் கூறிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்தில் பெற்றோர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “நம் காலத்தில் பூனையும் எலியும் ஓடிப் பிடித்து விளையாடின, சிரித்தோம். இப்போதைய படங்களிலோ ஒற்றைக் கண் பூதம் வருகிறது; வானம் கிழிகிறது; கடலுக்கு அடியிலிருந்து ஏதோ எழுகிறது. இவற்றைப் பார்க்கும் குழந்தையின் மனம் என்னாகும்?” என்று நண்பர் ஒருவர் வருந்திக் கேட்டார். வீட்டில் அவற்றை அறவே நிறுத்திவிட வேண்டும் என்றார் மற்றொருவர். அன்று நான் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு என் வீட்டுத் துயரம் ஒன்றையும், என் குற்றம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று வராத துணிவு இன்று வந்திருக்கிறது.

வானம் கிழிவதும் கடலடியில் ஏதோ உறங்குவதும் இன்றைய ஓவியர்கள் புதிதாகக் கண்டவை அல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரின் கற்பனையிலிருந்து வந்தவை அவை. அவர் பெயர் ஹோவர்டு பிலிப்ஸ் லவ்கிராஃப்ட். ரோடு ஐலண்டு மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்னும் ஊரில் 1890-ஆம் ஆண்டு பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிரம்பாத பருவத்திலேயே தந்தையார் மனநோய் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1898-இல் அங்கேயே காலமானார். பிற்காலத்தில் தாயாரும் அதே மருத்துவமனையில் 1921-இல் உயிர் நீத்தார். லவ்கிராஃப்ட் உடல்நலமும் மனநலமும் குன்றிய காரணத்தால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைப் படித்தபோது அவர்மீது ஒருவகைச் சொந்தம் உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

சிறு வயதிலேயே வானியலில் அவருக்குப் பெரும் பற்று இருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வானியல் கட்டுரைகள் எழுதினார். பிறர் எழுத்துகளைத் திருத்திக் கொடுத்து அதில் வந்த சிறு ஊதியத்தில் வாழ்க்கை நடத்தினார். தம் கதைகளை மலிவுத் தாளில் அச்சான கதை இதழ்களுக்கு அனுப்பினார். அவற்றுள் முதன்மையானது 1923-இல் தொடங்கிய ‘வியர்டு டேல்ஸ்’ என்னும் இதழ். எந்தப் பெரிய பதிப்பகமும் அவர் கதைகளை அவர் உயிரோடிருந்த காலத்தில் நூலாக்கவில்லை. 1937-இல், நாற்பத்தாறு வயதில், வறுமையில் மறைந்தார். இன்று உலகெங்கும் சித்திரப் படக் கலைஞர்கள் அவரிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கின்றனர்.

அப்படி அவரிடம் என்னதான் இருந்தது? பேய்க் கதை எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊர்ப் புளியமரத்தில் இல்லாத பேயா? ஆனால் நம் ஊர்ப் பேய்க்கு ஒரு நியாயம் உண்டு. அது நிறைவேறாத ஆசையோடு இறந்தது. அல்லது யாரோ அதற்குத் தீங்கு செய்தார்கள். அதற்கு ஏதோ ஒன்று வேண்டும். வேப்பிலையும் உடுக்கையும் அதனோடு பேச வல்லவை. அது மனிதனைத் தேடி வருகிறது என்பதிலேயே, மனிதன் ஒரு பொருட்டு என்பது அடங்கியிருக்கிறது.

லவ்கிராஃப்ட் காட்டிய அச்சம் இதற்கு முற்றிலும் வேறானது. அதனை அண்டப் பேரச்சம் என்று அழைக்கலாம். அவர் கதைகளில் வரும் பேருருவங்கள் மனிதனை வெறுப்பதில்லை. அவன் இருப்பதையே அவை அறிவதில்லை. நமக்குப் பழகிய உவமை ஒன்று சொல்கிறேன். தண்டவாளத்தின்மேல் எறும்பு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. விரைவு வண்டி வருகிறது. வண்டி ஓட்டுநருக்கும் எறும்புக்கும் பகை உண்டோ? இல்லை. எறும்பு மன்றாடினால் வண்டி நிற்குமோ? நிற்காது. அந்த எறும்புக்கு ஒரு கணம் அறிவு தெளிந்து, வருவது என்னவென்று புரிந்துவிட்டால் அதன் நிலை எப்படி இருக்கும்? லவ்கிராஃப்டின் கதைகள் எல்லாம் அந்த ஒரு கணத்தைப் பற்றியவை.

இத்தகைய எண்ணம் அவருக்குத் தோன்றியதற்கு அவர் வாழ்ந்த காலமும் ஒரு காரணம். 1925-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எட்வின் ஹப்பிள் என்னும் வானியலாளரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. ஆண்டிரோமிடா என்று வானில் மங்கலாகத் தெரியும் ஒளித்திட்டு, நம் பால்வெளி மண்டலத்திற்கு உள்ளே இருப்பது அன்று. அதற்கும் அப்பால், தனியே கிடக்கும் மற்றொரு விண்மீன் மண்டலம் என்பது உறுதியாயிற்று. உலகம் ஒரே நாளில் அளவிறந்து பெரிதாகிவிட்டது. மனிதன் அதே அளவுக்குச் சிறுத்துப் போனான். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டபோது லவ்கிராஃப்ட் அதையும் உடனே தம் கதையொன்றில் சேர்த்துக்கொண்டார்.

அண்டம் அளவிறந்தது என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி முழுதும் அந்த வியப்பே. ஆனால் அங்கே அண்டத்தின் பெருமை அருளின் பெருமையாகக் காட்டப்படுகிறது. லவ்கிராஃப்டின் அண்டத்திலோ அருளும் இல்லை, சினமும் இல்லை. பெருமை மட்டுமே உண்டு. அதனால்தான் அது அச்சமூட்டுகிறது.

1926-இல் அவர் எழுதி 1928-இல் வெளிவந்த ‘கதுலுவின் அழைப்பு’ என்னும் கதையில், கடலுக்கு அடியில் மூழ்கிய நகரத்தில் மனித இனத்துக்கு முற்பட்ட பேருருவம் ஒன்று உறங்குகிறது. கதுலு என்று நான் எழுதிக்காட்டுவது ஒரு தோராயமே. மனித நாவுக்கு அடங்காத பெயராக இருக்க வேண்டும் என்றே அவர் அதனை அமைத்தார்; தமிழ் எழுத்துக்கு மட்டும் அடங்கிவிடுமா? அவ்வுருவம் விழித்தெழும்போது, தப்பி ஓடும் மாலுமி ஒருவன் கப்பலைத் திருப்பி அதன்மேலேயே மோதுகிறான். உடைந்த உருவம் மீண்டும் கூடிக்கொள்கிறது. மாலுமி பிழைக்கிறான், ஆனால் அதன்பின் அவனுக்கு வாழ்வில் சுவையில்லை. 1927-இல் வெளிவந்த மற்றொரு கதையில், உழவன் ஒருவனின் நிலத்தில் விண்கல் விழுகிறது. அதிலிருந்து பரவும் நிறம், உலகில் யாரும் கண்டிராத நிறம். அது பயிரையும் மாட்டையும் மக்களையும் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. அதற்குப் பெயரில்லை, நோக்கமும் இல்லை.

இக்கதைகளைப் படிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. இலாகாச் சுற்றறிக்கைகளில் வளர்ந்தது என் ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஐந்து முறை அகராதியைத் திறந்தேன். அப்படிப் படித்ததில் ஒன்று விளங்கிற்று. மிகக் கொடிய காட்சி வரும் இடத்தில் லவ்கிராஃப்ட், “இதனைச் சொல்லால் விளக்க இயலாது” என்ற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். படிப்பவன் தானே கற்பனை செய்துகொண்டு தானே அஞ்ச வேண்டும்.

அவர் மறைந்தபின், அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆகஸ்ட் டெர்லத், டொனால்டு வாண்ட்ரி என்னும் இருவர் 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி அவர் கதைகளை நூலாக்கினர். ஆர்க்கம் என்பது அவர் கதைகளில் வரும் கற்பனை ஊர். பேட்மேன் கதைகளில் கொடியவர்கள் அடைக்கப்படும் மனநோய் விடுதிக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. நம் குழந்தைகள் அறிந்த ஆர்க்கம் அதுவே. அதன் மூலம் எதுவென்று அவர்களுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.

தொலைக்காட்சிச் சித்திரப் படங்களுக்கு வருவோம். 1987-இல் ‘தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்னும் தொடரில், லவ்கிராஃப்டின் கதைத் தலைப்பையே கேலியாக மாற்றிப் பெயரிட்ட பகுதி ஒன்று ஒளிபரப்பாயிற்று. அவர் கற்பனை செய்த தீய நூல் ஒன்று அதில் திருட்டுப் போகிறது. கடலிலிருந்து கதுலு எழுகிறது. பேய் பிடிக்கும் நண்பர் நால்வர் அதனை எதிர்க்கின்றனர். பால் குடித்துக்கொண்டே குழந்தைகள் அதைப் பார்த்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ‘டிஜிமான்’ தொடரின் இரண்டாம் வரிசையில், ஹிகாரி என்னும் சிறுமி நிறமற்ற கடற்கரை ஒன்றுக்கு இழுக்கப்படுகிறாள். அப்பகுதியை எழுதிய சியாக்கி கொனாகா, லவ்கிராஃப்டின் கடல்வாழ் மாந்தரையே அங்கு உலவவிட்டார். 2003-இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரில் இக்துல்ட்டு என்ற பெயரில் கதுலுவே வந்தது. அதில் என் நெஞ்சைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. ஹாக்கேர்ல் என்னும் வீராங்கனையின் இனத்தார் முற்காலத்தில் அந்தப் பேருருவத்தை வழிபட்டுப் பின்னர் கைவிட்டவர்கள். அதன்பின் எதனையும் நம்பாதவர்கள். அவள், போரிட்டு உயிர்விடும் கிரண்டி என்னும் முரட்டு உருவத்தின் அருகில் அமர்ந்து, அவன் ஆன்மா அவனுக்காகக் காத்திருக்கிறது என்று ஆறுதல் கூறுகிறாள். தான் நம்பாததைப் பிறன் ஒருவனுக்காகச் சொல்கிறாள்.

‘ஸ்கூபி-டூ’ தொடரை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. 1969-இல் தொடங்கிய அத்தொடரில் பேய் என்று வருவது பெரும்பாலும் முகமூடி அணிந்த மனிதனே. இறுதியில் முகமூடி கழற்றப்படும். பேராசைக்காரன் ஒருவன் அகப்படுவான். ஆனால் 2010 முதல் 2013 வரை வந்த ‘மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்’ என்னும் வரிசையில், ஊருக்கு அடியில் உண்மையாகவே தீய சக்தி ஒன்று சிறைப்பட்டிருக்கிறது. ஹேட்கிராஃப்ட் என்ற பெயரில் லவ்கிராஃப்டைக் கேலி செய்யும் எழுத்தாளர் பாத்திரமும் அதில் உண்டு. எல்லா முகமூடிகளையும் கழற்றிய பின்னும் எஞ்சி நிற்பது எது என்ற கேள்வியைக் குழந்தைகள் முன் வைத்த தொடர் அது.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் கூற வேண்டும். சித்திரம் என்றாலே குழந்தைகளுக்கு உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2010-இல் கதுலுவைக் கொண்டு நையாண்டி செய்த ‘சவுத் பார்க்’, தன் முகப்புக் காட்சியிலேயே அதுபோன்ற உருவம் ஒன்று துரத்திவரும் ‘ரிக் அண்ட் மார்ட்டி’, ஜுன்ஜி இட்டோவின் சித்திரக் கதையைத் தழுவி 2024-இல் கறுப்பு வெள்ளையில் வந்த ‘உசுமாகி’ ஆகியவை பெரியவர்களுக்கு உரியவை. அவற்றைச் சிறுவர் பார்க்காமல் காப்பது நம் கடமை. நண்பரின் அச்சத்தில் இந்த அளவுக்கு முழு நியாயம் உண்டு.

சொல்லால் விளக்க இயலாது என்று அவர் விட்டுவிட்டதைச் சித்திரக்காரர் எப்படிக் காட்டினர்? நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில், பேருருவம் என்றால் ரப்பரும் பொம்மையும் வேண்டும். பல வேளைகளில் அச்சத்துக்குப் பதில் சிரிப்பு வந்துவிடும். சித்திரக்காரனுக்கு ஒரு கோடு போதும். சுவரின் மூலை சற்றே தவறான கோணத்தில் சாய்ந்தால், வானத்தின் நிறம் மாறினால், பார்ப்பவர் உள்ளம் துணுக்குறும். அங்கே மனிதனும் கோடு, பூதமும் கோடு, இரண்டும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றும். ஆகவே அண்டப் பேரச்சத்துக்குச் சித்திரப் படம் தகுந்த வீடாயிற்று.

இதனை மிகச் சிறப்பாகச் செய்த தொடர், 2012 முதல் 2016 வரை நாற்பது பகுதிகளாக வந்த ‘கிராவிட்டி ஃபால்ஸ்’. அதனைப் படைத்தவர் அலெக்ஸ் ஹிர்ஷ். டிப்பர், மேபல் என்னும் பன்னிரண்டு வயது இரட்டையர், கோடை விடுமுறைக்கு ஆரகன் மாநிலத்துக் காட்டூர் ஒன்றில் இருக்கும் தாத்தா முறையினரான ஸ்டான் என்பவரிடம் அனுப்பப்படுகின்றனர். சுற்றுலா வருவோரை ஏமாற்றிக் காசு பறிக்கும் கண்காட்சிச் சாலை நடத்துபவர் அவர். ஒதுங்கிய ஊர், மறைத்து வைக்கப்பட்ட குறிப்பேடு, அறியத் தகாததை அறிந்து துன்புற்ற அறிஞர் என லவ்கிராஃப்டின் கதைகளில் வரும் எல்லாமே அங்கு உண்டு. ஆனால் கூடாரக் கால்களும் செதில்களும் கொண்ட பூதம் அங்கு இல்லை. பில் சைஃபர் என்னும் அப்பூதம் ஒரு முக்கோணம்! பள்ளி நோட்டில் நாமெல்லாம் வரைந்த அதே முக்கோணம், நடுவில் ஒரு கண், தலையில் தொப்பி, நகைச்சுவைப் பேச்சு. நீளமும் அகலமும் மட்டுமே உடைய தட்டை உலகிலிருந்து வந்து, நம் உலகத்தையே விளையாட்டுப் பொருளாகக் கருதுவது. இத்தனை எளிய வடிவத்தில் இத்தனை அச்சத்தை அடைத்தது பெருந்திறமை.

அத்தொடரை நான் பார்த்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் கொரோனாவின் காரணமாக நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டதும், சரக்கு வண்டிகள் மட்டும் ஓடியதும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நம் கரக்பூர் நிலையத்தின் அந்த நீண்ட பிளாட்பாரத்தில் ஒரு ஆள் இல்லாததைக் கண்டவர்கள் நாம். ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் அம்மா காலமாகிவிட்டார். வாழ்நாளெல்லாம் ரயிலிலேயே வேலை பார்த்தவனுக்கு, பெற்ற தாயின் முகம் காணப் போவதற்கு ஒரு ரயில் இல்லை. அதற்கு யாரையும் குறை சொல்லவும் இல்லை. மறுநாள் இரவு வேலைக்குப் போனேன். கரி ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றுக்கு என்னைத் தெரியாது. என் துயரம் தெரியாது. எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். லவ்கிராஃப்ட் எழுதியது என்னவென்று எனக்கு அன்று புரிந்தது. அப்போது நான் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

சில நாட்கள் கழித்து, உறக்கம் வராமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது பத்து வயதான என் மகள் எழுந்துவந்து, “அப்பா, இதன் கடைசிப் பகுதியை என்னோடு பாருங்கள்” என்று தொலைக்காட்சியைப் போட்டாள். அது கிராவிட்டி ஃபால்ஸ். வானம் கிழிந்து ஊர் முழுதும் நிலைகுலைகிறது. பில் சைஃபரை அழிக்க ஒரே வழிதான் உண்டு. ஸ்டான் தாத்தா அதனைத் தம் மனத்துக்குள் புகவிட்டு, தம் நினைவுகள் அனைத்தையும் அழித்துவிடச் செய்கிறார். பூதம் அழிகிறது, தாத்தாவுக்கோ தம் பெயரே தெரியவில்லை. மேபல் தான் ஒட்டிவைத்த படப் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, கோடை விடுமுறையில் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். சிறிது சிறிதாக நினைவு திரும்புகிறது.

அது முடிந்ததும் என் மகள் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து எங்கள் வீட்டுப் புகைப்பட ஆல்பத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அதில், எங்கள் அம்மா ஒரே முறை இங்கு வந்தபோது பிளாட்பாரத்தில் துணிப்பையோடு நின்ற படம் இருந்தது. செய்தி வந்த நாள் முதல் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அதற்குப் பின்புதான் இக்கதைகளின் மூலத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு வேறுபாட்டைக் கண்டேன். லவ்கிராஃப்டின் கதைநாயகர்கள் பெரும்பாலும் தனியர்கள். மனைவியில்லை, மக்களில்லை, பக்கத்து வீட்டாரும் இல்லை. உண்மையைத் தனியே காண்கிறார்கள். தனியே சித்தம் கலங்குகிறார்கள். சித்திரப் படக்காரர் அவருடைய அண்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டனர். ஆனால் அந்தத் தனி மனிதனை ஏற்கவில்லை. அவன் இடத்தில் அண்ணனும் தங்கையும், நண்பர் கூட்டமும், ஒரு நாயும் வந்து நின்றன. ‘அட்வென்ச்சர் டைம்’ என்னும் தொடர் 2018-இல் முடிவுற்றபோது, குழப்பமே உருவான கோல்ப் என்னும் பேருருவத்தின்முன் அத்தொடரின் பாத்திரங்கள் செய்தது ஒன்றே: சேர்ந்து பாடினர். படை எதுவும் செய்ய இயலாததை அவ்விசையின் ஒத்திசைவு செய்தது. அண்டம் நம்மைக் கவனிக்கிறதா என்பதற்கு அப்படங்கள் விடை கூறவில்லை. நாம் ஒருவரை ஒருவர் கவனிக்கலாம் என்று மட்டும் கூறின.

இனி நான் சொல்லவந்த கசப்பான பகுதிக்கு வருகிறேன். லவ்கிராஃப்ட் விண்ணுக்கு மட்டும் அஞ்சியவர் அல்லர். மனிதர்க்கும் அஞ்சியவர். 1924-இல் சோனியா கிரீன் என்னும் யூதப் பெண்மணியை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். அவ்வம்மையாரே வேறு நாட்டிலிருந்து வந்தவர். பிழைப்புக்காக அவர் வேறு ஊர் செல்ல நேர்ந்தது. லவ்கிராஃப்ட் புரூக்ளினில் தனி அறையில் கிடந்தார், அறையில் திருடர் புகுந்து உடைகளைக் கொண்டுபோயினர், வேலை கிடைக்கவில்லை. சுற்றிலும் பல நாடுகளிலிருந்து பிழைக்கவந்த ஏழைகள். அவர்கள்மீது அவருக்கு முன்பே இருந்த வெறுப்பு முற்றிற்று. 1925-இல் எழுதிய ‘ரெட் ஹூக்கில் நேர்ந்த பயங்கரம்’ என்ற கதையில், அந்தக் குடியேறிகளின் தெருவையே தீமையின் இருப்பிடமாக எழுதினார். புரியாத மொழி பேசுவோர், வேறு நிறத்தார், கலந்து மணந்தோர் ஆகிய எல்லாரும் அவர் எழுத்தில் அருவருப்புக்கு உரியவர்கள். உலகக் கற்பனைக் கதை விருதாக அளிக்கப்பட்டுவந்த அவருடைய தலைச்சிலையை இக்காரணத்தாலேயே 2015-இல் மாற்றுவதென முடிவு செய்தனர்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். பிழைப்புக்காக வேற்றூரில் வந்து குடியேறி, அக்கம்பக்கத்தாருக்குப் புரியாத மொழி பேசுகிறவர்கள் யார்? நாம். அவர் இருந்த தெருவில் நாம் குடியிருந்திருந்தால் நம் வீட்டு அம்மிச் சத்தமும் நம் தாலாட்டும் அவர் செவிக்குப் பேயின் குரலாகவே கேட்டிருக்கும். இதைப் படித்தபோது முதலில் சினம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு லவ்கிராஃப்ட் இருந்தான்.

நம் குடியிருப்புக்குப் பின்னால், லைனுக்கு அப்பாலுள்ள வீடுகளின் பக்கம் போகக்கூடாது என்று என் மகளுக்கு நான் கட்டளையிட்டிருந்தேன். காரணம் கேட்டபோது, “அவர்கள் வேறு மாதிரி மனிதர்கள்” என்றேன். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. அம்மா இறந்த செய்தி வந்த மறுநாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஊரடங்கு, சங்கத்தார் எவரும் வர இயலாத நிலை. நண்பகலில் கதவருகே ஓசை கேட்டுத் திறந்தேன். லைனுக்கு அப்பாலிருந்து ஒரு கேங்மேனின் மனைவி, சந்தால் இனத்துப் பெண்மணி, மூடிய பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றிருந்தார். உள்ளே சோறும் கீரையும் இருந்தன. ஏதோ சொன்னார். அவர் மொழியில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது புரிந்தது. மூன்று நாட்கள் அவ்வாறு வந்தார். அந்தத் தெருவுக்குத்தான் நான் என் மகளைப் போகவிடவில்லை.

கிராவிட்டி ஃபால்ஸ் போன்ற தொடர்களைப் படைத்தவர்கள் லவ்கிராஃப்டிடமிருந்து எதைக் கொள்ளவேண்டும், எதைத் தள்ளவேண்டும் என்று தெரிந்தவர்கள். அளவிறந்த அண்டத்தின்முன் மனிதன் சிறியவன் என்ற உண்மையைக் கொண்டனர். அடுத்த தெருக்காரன் பூதம் என்ற பொய்யைத் தள்ளினர். நம் குழந்தைகளுக்கு அவர்கள் காட்டுவது, வடிகட்டிய அச்சம். பூதம் பேருருவாக எழும். அதை எதிர்க்க விதவிதமான மனிதர்களும் வினோதப் பிராணிகளும் ஒரே அணியில் நிற்பார்கள். அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்ற பாடம் அதில் இருக்கிறது. அப்பாடத்தில் நான் தோற்றவன். என் மகள் தேறியவள்.

ஆகவே நண்பருக்கு என் விடை இதுதான். வீட்டிலிருக்கும் தொலைக்காட்சியை அணைப்பது எளிது. ஆனால் இருட்டில் குழந்தைக்கு எழும் கேள்விகளை அணைக்க நம்மிடம் பொத்தான் இல்லை. உலகம் எவ்வளவு பெரியது, நாம் இறந்தபின் என்ன ஆவோம், யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருநாள் அவர்கள் கேட்கத்தான் போகிறார்கள். வயதுக்கு ஏற்ற படம் எது என்று தேர்ந்து கொடுங்கள். தேர்ந்துகொடுத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு எழுந்துபோகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் அஞ்சும்போது உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் அஞ்சும்போது அவர்கள் கை எட்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு லைனுக்கு அப்பாலுள்ள குடும்பங்களையும் அழைக்க வேண்டும் என்று நானும் என் மகளும் சேர்ந்து கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சங்கத்தார் அதனை ஏற்றருள வேண்டுகிறேன்.